37 புள்ளி எடுத்தும் தோற்றார்... ஆனாலும் அவர்தான் சீசனின் ‘பெஸ்ட் எதிராளி’யா?

2024 ஏப்ரல் 8. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் உள்ள க்ளெண்டேல் நகரம். ஆண்கள் கல்லூரிக் கூடைப்பந்தின் ஃபைனல். ஒரு பக்கம் கனெக்டிகட் பல்கலைக்கழகம், சுருக்கமாக ‘யூகான்’. மறுபக்கம் இண்டியானா மாநிலத்தின் பர்டூ பல்கலைக்கழகம்.

அன்றைக்குக் களத்தில் அதிகப் புள்ளிகள் எடுத்தவர் பர்டூவின் ஸாக் ஈடி. (நோட்டீஸ் அனுப்புகிற ‘ஈடி’ இல்லை, இவர் கனடாக்காரர்!) உயரம் 7 அடி 4 அங்குலம். எடுத்தது 37 புள்ளிகள், 10 ரீபவுண்டுகள். இதை மட்டும் கேட்டால், “அப்புறம் என்ன, கப் பர்டூவுக்குத்தானே?” என்றுதான் தோன்றும். ஆனால், ஸ்கோர்போர்டு வேறு கதை சொன்னது: யூகான் 75, பர்டூ 60.

இங்கேதான் சுவாரசியமான கேள்வி ஒன்று வருகிறது. அந்த சீசன் முழுக்க யூகானை எதிர்த்து ஆடியவர்களில் யார் பெஸ்ட்? 37 புள்ளி எடுத்தும் தோற்ற ஈடியா? அல்லது குறைவாக எடுத்தாலும் யூகானைத் தோற்கடித்த வேறு ஒருவரா?

எதிராளிக்கு எதற்கு விருது?

நம்ம டீமின் சிறந்த வீரர் யார் என்று பேசுவது எல்லா ஊரிலும் உண்டு. அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்து ரசிகர்களிடம் கூடுதலாக ஒரு பழக்கம் உண்டு. சீசன் முடிந்ததும், “இந்த வருஷம் நமக்கு எதிரா ஆடினவங்கள்ல பெஸ்ட் யாரு?” என்று உட்கார்ந்து விவாதிப்பார்கள்.

அதற்குக் காரணமும் இருக்கிறது. தொழில்முறை லீக்கில் ஒரு நட்சத்திரம் பத்து, பதினைந்து வருடம் எதிரணியில் வந்து நிற்பார். கல்லூரியில் அப்படி இல்லை. ஓரிரு வருடத்தில் என்பிஏவுக்குப் போய்விடுவார், அல்லது படிப்பை முடித்துவிடுவார், அல்லது வேறு கல்லூரிக்கு மாறிவிடுவார். இன்றைய எதிரி நாளை நம் ஜெர்ஸியிலேயே வரலாம். யூகானின் டிரிஸ்டன் நியூட்டன், கேம் ஸ்பென்சர் இருவருமே வேறு கல்லூரிகளில் ஆடிவிட்டு வந்தவர்கள்தான். அதனால் ஓர் எதிராளியை மதிப்பிட ரசிகர்களுக்குக் கிடைப்பது ஒன்றிரண்டு ஆட்டங்கள் மட்டும்.

யூகானை எடுத்துக்கொள்வது ஏன்?

அந்த சீசனில் யூகான் ஆடியது 40 ஆட்டங்கள். வென்றது 37, தோற்றது 3. ‘மார்ச் மேட்னெஸ்’ என்கிற 68 அணிகளின் நாக்-அவுட் தொடரில் ஆறு ஆட்டங்களையும் வென்றது. ஆறையும் கூட்டினால் வெற்றி வித்தியாசம் 140 புள்ளிகள். அதாவது, ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக 23. ஃபைனலில்கூட 15 புள்ளி வித்தியாசம்! 2006, 2007-இல் ஃப்ளோரிடா பல்கலைக்கழகம் அடுத்தடுத்துக் கோப்பை வென்ற பிறகு, அதைச் செய்த முதல் அணி யூகான்தான்.

இவ்வளவு பலமான அணிக்கு எதிராக நன்றாக ஆடினார் என்றால், அது உண்மையிலேயே பெரிய விஷயம். சரி, யார் அவர்? மூன்று அளவுகோல்களை வைத்துப் பார்ப்போம்.

அளவுகோல் 1: பேர் பெரிய பேர்

முதல் வழி ரொம்ப சுலபம். சீசன் முழுக்க யார் சிறப்பாக ஆடினார், யாருக்கு விருது கிடைத்தது என்று பார்ப்பது.

யூகான் ஆடும் ‘பிக் ஈஸ்ட்’ லீக்கில் அந்த வருடத்தின் சிறந்த வீரர் விருதை வாங்கியவர் பிராவிடன்ஸ் அணியின் டெவின் கார்ட்டர். அதே லீக்கில் மார்கெட் அணியின் டைலர் கோலெக், ஓர் ஆட்டத்துக்கான அசிஸ்ட் சராசரியில் நாட்டிலேயே முதலிடம். அதாவது, பாஸ் கொடுத்து மற்றவர்களைக் கோல் போட வைப்பதில் கில்லாடி.

ஆனால், நாடு முழுக்க எடுத்துக்கொண்டால் ஈடிக்குப் பக்கத்தில் யாரும் இல்லை. சராசரியாக ஓர் ஆட்டத்துக்கு 25.2 புள்ளிகள், 12.2 ரீபவுண்டுகள். நாட்டின் சிறந்த வீரருக்கான நெய்ஸ்மித் விருதை 2023, 2024 என்று அடுத்தடுத்து வாங்கினார். 1980-களின் ரால்ஃப் சாம்ப்ஸனுக்குப் பிறகு யாரும் அப்படி வாங்கியதில்லை.

இந்த அளவுகோலில் ஒரு குறை உண்டு. மற்றவர்களுக்கு எதிராக அவர் என்ன செய்தார் என்பதைத்தான் விருது சொல்லும். நமக்கு எதிராக என்ன செய்தார் என்பதைச் சொல்லாது. கார்ட்டரின் பிராவிடன்ஸை யூகான் இரண்டு முறையும் வென்றது. கோலெக்கின் மார்கெட்டை பிப்ரவரியில் 81-53 என்று நொறுக்கியது. இல்லினாய் அணியின் டெரன்ஸ் ஷேனன் நாட்டின் முன்னணி ஸ்கோரர்களில் ஒருவர். யூகானுக்கு எதிராக 12 ஷாட் முயன்று 2 மட்டும் போட்டார். மொத்தம் 8 புள்ளிகள். பேர் பெரிய பேர்தான், ஆனா நம்ம மேட்ச்ல ஆள் காணோம்!

அளவுகோல் 2: நம்மைத் தோற்கடித்தவர்

“தோத்த மூணு மேட்ச்சைப் பாருங்க, பதில் அங்கதான் இருக்கு” என்பது அடுத்த வாதம். இதிலும் நியாயம் இருக்கிறது.

முதல் தோல்வி, டிசம்பர் தொடக்கத்தில் கான்சஸிடம், 69-65. அதில் கான்சஸின் கெவின் மெக்கல்லர் 21 புள்ளிகள் எடுத்தார். ஆனால், அதே ஆட்டத்தில் யூகானின் நியூட்டன் 31 எடுத்திருந்தார்.

இரண்டாவது, டிசம்பர் 20-இல் சீட்டன் ஹாலிடம், 75-60. அந்த வெற்றியை முன்னின்று நடத்தியவர் கெடரி ரிச்மண்ட். இதில் ஒரு ‘ஆனால்’ உண்டு. யூகானின் 7 அடி 2 அங்குல சென்டர் டோனவன் க்ளிங்கன் அந்த ஆட்டத்தின் பாதியில் காலில் காயத்தோடு வெளியேறினார். (ரிச்மண்ட் அடுத்த சீசனே போட்டி அணியான செயின்ட் ஜான்ஸுக்குப் போய்விட்டார் என்பது கிளைக்கதை.)

மூன்றாவதுதான் மறுக்க முடியாத அடி. பிப்ரவரி 20, க்ரைட்டன் 85, யூகான் 66. மார்கெட்டை நொறுக்கிய மூன்றாவது நாள்! அப்போது நாட்டின் நம்பர் 1 அணி யூகான். தொடர்ந்து 14 ஆட்டங்களை வென்றிருந்தது. க்ரைட்டனின் ஸ்டீவன் ஆஷ்வொர்த் 20 புள்ளிகள் எடுத்தார். ஆனால், அவர் மட்டுமா? ட்ரே அலெக்ஸாண்டர், பெய்லர் ஷயர்மன் என்று ஆளாளுக்கு அடித்தார்கள். அது ஓர் அணியின் வெற்றி. அதை ஒரே ஒருவர் கணக்கில் எழுதினால் மற்றவர்கள் கோபித்துக்கொள்வார்கள்.

ஆக, தோல்வியை மட்டும் வைத்துப் பார்த்தால் ‘பெஸ்ட் எதிரணி’ யார் என்று சொல்லிவிடலாம். அது க்ரைட்டன். ஆனால், கேள்வி ‘பெஸ்ட் எதிராளி’ யார் என்பது.

அளவுகோல் 3: நம் திட்டத்தையே மாற்ற வைத்தவர்

இனி ஃபைனலுக்குத் திரும்புவோம். ஈடியின் 37 புள்ளிகளைப் பற்றி ஒரு குற்றச்சாட்டு உண்டு: “யூகான் வேணும்னே விட்டுக்கொடுத்த புள்ளிகள் அவை. அதுல என்ன பெருமை?”

விட்டுக்கொடுத்தது உண்மைதான். ஆனால், ஏன் விட்டுக்கொடுத்தார்கள்? அதற்கு ஒரு வருடம் பின்னால் போக வேண்டும்.

2023 மார்ச். தொடரின் முதல் சுற்றிலேயே, தரவரிசையில் கடைசி இடத்தில் இருந்த ஃபேர்லி டிக்கின்சன் அணியிடம் பர்டூ 63-58 என்று தோற்றது. நம்பர் 1 தகுதி பெற்ற ஓர் அணி 16-ஆம் தகுதி அணியிடம் தோற்பது ஆண்கள் தொடரின் வரலாற்றில் அது இரண்டாவது முறை. டிக்கின்சன், நாட்டிலேயே குள்ளமான அணிகளில் ஒன்று. அவர்கள் செய்தது எளிமையான வேலை. ஈடியைச் சுற்றி இரண்டு மூன்று பேர் நின்றுகொண்டார்கள். “மத்தவங்க தூரத்துல இருந்து அடிச்சுக்கோங்க” என்று விட்டுவிட்டார்கள். பர்டூ வீரர்கள் 26 த்ரீ பாயிண்டர்கள் முயன்று 5 மட்டுமே போட்டார்கள். ஈடி 21 புள்ளி, 15 ரீபவுண்ட் எடுத்தும் பயனில்லை. நாடே சிரித்தது.

அடுத்த வருடம் அதே பர்டூ, த்ரீ பாயிண்டரில் நாட்டின் மிகச் சிறந்த அணிகளில் ஒன்றாகத் திரும்பி வந்தது. நூறு முறை எறிந்தால் சுமார் 40 உள்ளே. இப்போது ஈடியைச் சுற்றி வளைத்தால், வெளியே காலியாக நிற்கும் நால்வரில் ஒருவர் தண்டனை கொடுப்பார்.

இங்கே ஒரு சின்னக் கணக்கு. ஃபைனலில் ஈடி 25 ஷாட் முயன்று 15 போட்டார். ஒவ்வொன்றுக்கும் 2 என்றால் 30 புள்ளிகள். அதாவது, ஒரு ஷாட்டுக்கு 1.2. த்ரீ பாயிண்டரில் 40 சதவீதம் என்றாலும் ஒரு ஷாட்டுக்கு அதே 1.2தான். ஈடியை வளைத்தால், த்ரீ பாயிண்டர்கள் தடுக்க ஆளில்லாமல் இன்னும் சுலபமாக விழும். பாஸ் சுழலும், மொத்த அணியும் சூடு பிடிக்கும். வளைக்காமல் விட்டால், ஒருவர் மட்டும் இரண்டு இரண்டாக எடுப்பார். மற்ற நால்வர் கை கட்டி நிற்பார்கள்.

யூகான் பயிற்சியாளர் டேன் ஹர்லி இரண்டாவது வழியை எடுத்தார். ஈடிக்கு எதிராக ஒருவரை மட்டும் நிறுத்தினார், பெரும்பாலும் க்ளிங்கன், அவர் ஓய்வெடுக்கும்போது சாம்சன் ஜான்சன். மற்ற நால்வரும் பர்டூவின் ஷூட்டர்களை விட்டு நகரவே இல்லை. விளைவு? பர்டூ மொத்த ஆட்டத்திலும் முயன்ற த்ரீ பாயிண்டர்கள் வெறும் 7. போட்டது 1. ஈடியைத் தவிர்த்து மற்ற எல்லோரும் சேர்ந்து எடுத்தது 23 புள்ளிகள்.

சூப்பர் பிளான். ஆனால், இந்த பிளானைக் கொஞ்சம் திருப்பிப் பாருங்கள். நாட்டின் சிறந்த அணி, ஃபைனலுக்கு முன்பே ஒரு முடிவுக்கு வந்துவிட்டது: இவரை நிறுத்த முடியாது, இவரைச் சுற்றி இருப்பவர்களைத்தான் நிறுத்த முடியும். ஒரு வீரருக்கு எதிரணி கொடுக்கும் மரியாதை இதைவிடப் பெரிதாக இருக்க முடியுமா?

“யாரா இருந்தாலும் 37 எடுத்திருப்பாங்க”: உண்மையா?

இல்லை. அதற்கு ஆதாரமும் அதே தொடரிலேயே இருக்கிறது.

ஃபைனலுக்கு ஒன்பது நாட்கள் முன்பு, மார்ச் 30-இல், பாஸ்டனில் யூகானும் இல்லினாயும் மோதின. ஒரு கட்டத்தில் 23-23 என்று சமமாக இருந்த ஆட்டம், அடுத்து யூகான் மட்டும் தொடர்ச்சியாக 30 புள்ளிகள் எடுக்க, 53-23 ஆனது! அந்த ஆட்டத்தில் க்ளிங்கன் கை நீட்டித் தடுக்க வந்தபோது இல்லினாய் வீரர்கள் முயன்ற ஷாட்டுகள் 19. உள்ளே போனது எத்தனை தெரியுமா? பூஜ்ஜியம்.

ஒரு முழு அணி 19 முறை முயன்றும் தாண்ட முடியாத அந்தச் சுவருக்கு எதிராகத்தான் ஈடி ஃபைனலில் நின்றார். 15 முறை பந்தைக் கூடைக்குள் போட்டார். அதற்கு எட்டு நாட்கள் முன்புதான் டென்னசி அணிக்கு எதிராக 40 புள்ளிகள், 16 ரீபவுண்டுகள் எடுத்து, பர்டூவை 1980-க்குப் பிறகு முதல் முறையாக அரையிறுதிக்குக் கொண்டுவந்திருந்தார்.

நியாயமாக இன்னொரு பெயரையும் சொல்ல வேண்டும். அரையிறுதியில் அலபாமாவின் மார்க் ஸியர்ஸ் 24 புள்ளிகள் எடுத்தார். யூகானின் ஆறு நாக்-அவுட் ஆட்டங்களில் மிகக் குறைந்த வித்தியாசம் அந்த ஆட்டத்தில்தான், 86-72. இரண்டாம் பாதியிலும் 56-56 என்று சமநிலையில் இருந்தது. ஃபைனலைவிட அன்றைக்குத்தான் அதிகம் வியர்த்தது என்று ஒரு யூகான் ரசிகர் சொன்னால், அதை மறுப்பது கஷ்டம்.

அப்போ தீர்ப்பு?

அதிகம் வலிக்க வைத்த இரவு எது என்றால், க்ரைட்டன். அதிகம் பதற வைத்த நாக்-அவுட் எதிராளி யார் என்றால், ஸியர்ஸ். ஆனால், எதிர்த்து நின்றவர்களில் பெஸ்ட் யார் என்று கேட்டால், என் ஓட்டு ஈடிக்குத்தான். நமக்கு எதிராக அவர் எடுத்த புள்ளிகள் மட்டும் அதற்குக் காரணம் இல்லை. அவர் இருந்ததால் மற்ற நால்வரும், நாமும் எப்படி ஆட வேண்டியிருந்தது என்பதே காரணம்.

இந்தக் கணக்கு ஆபீஸுக்கும் பொருந்தும். அப்ரைசல் ஷீட்டில் ‘ப்ராஜெக்ட் தோல்வி’ என்று ஒரே வரியில் முடிந்துவிடும். அந்த ப்ராஜெக்ட் அவ்வளவு தூரம் வந்ததே யாரால் என்பதற்கு அங்கே கட்டம் இருக்காது. சக ஊழியரைப் பற்றி நம்மிடம் கருத்துக் கேட்கும்போது, அந்தக் கட்டத்தை நாம்தான் வரைய வேண்டும்.

ஃபைனல் முடிந்த சில வாரங்களில் என்பிஏ டிராஃப்ட் நடந்தது. க்ளிங்கன் 7-ஆவது ஆளாக போர்ட்லேண்டுக்குப் போனார். ஈடி 9-ஆவது ஆளாக மெம்ஃபிஸுக்கு. அந்த இருவரும் கல்லூரி ஜெர்ஸியில் இனி மோதப் போவதில்லை. யூகான் ரசிகர்களிடம் கோப்பை இருக்கிறது. கூடவே, தங்கள் அணியால் கடைசி வரை நிறுத்த முடியாத ஒருவரின் நினைவும்.