மூன்று பகுதிகள் மௌனம், நான்காவதில் முழக்கம்

பீத்தோவனின் ஐந்தாம் சிம்பொனி 1808 டிசம்பரில் வியன்னாவில் அரங்கேறியது. அதில் மூன்று டிராம்போன்கள் உண்டு. ஆனால் முதல் மூன்று பகுதிகளில் அவற்றுக்கு ஒரு ஸ்வரம்கூட இல்லை. இருபது நிமிடங்களுக்கு மேல் கருவியோடு சும்மா அமர்ந்திருக்கும் அந்த மூவரும், மூன்றாம் பகுதி இடைவெளியே இல்லாமல் நான்காவதில் போய்ச் சேரும் கணத்தில், முழு பலத்தோடு, பிசகாத ஸ்ருதியில் நுழைய வேண்டும்.

பிராம்ஸ் இன்னும் கடுமையாகச் சோதிக்கிறார். 1876-இல் அரங்கேறிய அவருடைய முதல் சிம்பொனியிலும் டிராம்போன்களுக்கு வேலை கடைசிப் பகுதியில்தான். அங்கே அவர் கேட்பது முழக்கம் அல்ல. மெல்லிய, இனிமையான, பிரார்த்தனை போன்ற ஒரு சில வரிகள். முதல் டிராம்போன் எடுத்த எடுப்பிலேயே உச்சத்து ஸ்வரங்களை மிருதுவாகத் தொட வேண்டும். அரை மணி நேரம் அசையாமல் இருந்த உதடுகளை வைத்துக்கொண்டு!

உதடுகளைப் பற்றிப் பேசாமல் இந்தக் கலைஞர்களைப் புரிந்துகொள்ள முடியாது. நாதஸ்வரத்தில் சீவாளி அதிர்கிறது; டிரம்பெட், டிராம்போன், ஹார்ன், டியூபா ஆகிய பித்தளைக் கருவிகளில் கலைஞரின் உதடே சீவாளி. கிண்ணம் போன்ற மவுத்பீஸில் உதடுகளை இறுக்கி ஊதினால் குழாய்க்குள் இருக்கும் காற்று அதிர்கிறது. விரல் வைத்த இடம் மாறாமலேயே, உதட்டின் இறுக்கத்தாலும் மூச்சின் வேகத்தாலும் பல ஸ்வரங்களை எழுப்பலாம். ஆபத்தும் அங்கேதான். பிரெஞ்ச் ஹார்னின் எஃப் குழாயை நீட்டினால் ஏறக்குறைய 3.7 மீட்டர் வரும். அதன் மேல் ஸ்தாயியில் இயற்கையாக எழும் ஸ்வரங்கள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நிற்கின்றன. மயிரிழை தவறினாலும் பக்கத்து ஸ்வரம் ஒலித்துவிடும். அரங்கம் முழுக்கக் கேட்கும்.

வயலின் வரிசையில் பத்துப் பதினைந்து பேர் ஒரே வரியை வாசிக்கிறார்கள். பித்தளை வரிசையில் அப்படி இல்லை, ஆளுக்கொரு தனி வரி. இரண்டாம் டிரம்பெட் தவறினால் அதை மூடி மறைக்க இன்னொரு இரண்டாம் டிரம்பெட் கிடையாது. துவோர்ஜாக்கின் ‘புதிய உலகம்’ சிம்பொனியில் டியூபாவுக்கு இருப்பவை 14 ஸ்வரங்கள் மட்டுமே, அவையும் இரண்டாம் பகுதியில். அந்தப் பதினான்குக்காக ஒருவர் எல்லா ஒத்திகைக்கும் அந்தக் கனத்த கருவியைச் சுமந்து வருகிறார். இதை வீண் என்று நினைப்பவர்கள், அந்தப் பகுதியின் தொடக்கத்தில் பித்தளைக் கருவிகள் தாழ்ந்த குரலில் அடுக்கும் சுரக்கோவையை ஒருமுறை கேட்க வேண்டும். அடியில் டியூபா தாங்கிப் பிடிப்பதால்தான் அந்தக் கட்டடம் நிற்கிறது.

ஆகவே ஒத்திகையில் இவர்களின் முதல் வேலை எண்ணுவது. வாசிக்காத தாளக்கட்டுகளை மனசுக்குள் ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டே வர வேண்டும். நடத்துனர் இடையில் நிறுத்தி, வயலின்காரர்களிடம் நான்கு கட்டுகளைத் திரும்ப வாசிக்கச் சொன்னால் அந்தக் கணக்கையும் திருத்த வேண்டும். சும்மா கிடக்கும் உலோகம் குளிர்ந்துவிடும். உள்ளே காற்று குளிர்ந்தால் ஸ்ருதி இறங்கும். அதனால் தங்கள் முறை வருவதற்குச் சற்று முன் சத்தம் எழாமல் வெதுவெதுப்பான மூச்சைக் குழாய்க்குள் செலுத்திச் சூடேற்றுவார்கள். இந்தச் சிரமம் அறிந்த நடத்துனர்கள் பித்தளை அதிகமுள்ள பகுதியை முதலில் ஒத்திகை பார்த்துவிட்டு அவர்களை அனுப்பிவைப்பதுண்டு.

இவர்கள் அமர்வது மேடையின் பின்வரிசையில். பத்து மீட்டர் கடக்க ஒலிக்கு ஏறத்தாழ 0.03 விநாடி தேவை. முன்னாலிருந்து வரும் வயலின் ஒலியைக் காதால் கேட்டு அதோடு சேர நினைத்தால், அரங்கில் இருப்பவர்களுக்கு பித்தளை பின்தங்கித்தான் கேட்கும். எனவே காதை முழுக்க நம்பாமல் நடத்துனரின் கோலைப் பார்த்து, நொடியின் ஒரு சிறு கூறு முந்தியே ஊதப் பழகுகிறார்கள். காதை வைத்துப் பிழைக்கும் ஒருவர் காதையே சந்தேகிக்கப் பழகுவது எளிதல்ல; ஆண்டுகள் பிடிக்கும்.

சிகாகோ சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவின் பித்தளை வரிசை உலகப் புகழ் பெற்றது. அதன் முதன்மை டிரம்பெட் கலைஞர் அடால்ஃப் ஹெர்செத், 1948 முதல் 2001 வரை 53 ஆண்டுகள் அந்த நாற்காலியில் இருந்தவர். 1952-இல் நடந்த கார் விபத்தில் அவருடைய முன்பற்கள் உடைந்தன, உதடு கிழிந்தது. டிரம்பெட் ஊதுபவருக்கு இதைவிடப் பெரிய இழப்பு என்ன இருக்க முடியும்? அவர் மீண்டும் பழகி, அதே இடத்துக்குத் திரும்பினார். அதே ஆர்கெஸ்ட்ராவில் 1944 முதல் 1988 வரை டியூபா வாசித்த ஆர்னல்ட் ஜேக்கப்ஸ், ஆஸ்துமா உள்ளவர். மூச்சை எப்படிக் கையாள்வது என்று கற்றுக்கொள்ள உலகின் பல மூலைகளிலிருந்தும் கலைஞர்கள் தேடிப் போனது அவரைத்தான். தசைகளை மறந்துவிட்டு, எழ வேண்டிய நாதத்தை முதலில் மனசுக்குள் பாடச் சொன்னார் அவர்.

உதடும் தசைதானே, அதுவும் களைக்கும். மாலர், புரூக்னர் சிம்பொனிகளை ஒரே நாளில் ஒத்திகையிலும் கச்சேரியிலும் முழு பலத்தோடு ஊதினால் உதடு வீங்கி மரத்துப்போகும். அதனால் முதல் ஹார்ன் கலைஞருக்கு அருகே ஓர் உதவியாளர் அமர்வதுண்டு. உரத்த இடங்களை அவர் தாங்கிக்கொள்வார். தனித்து ஒலிக்கும் இடங்களுக்காக முதல் ஹார்ன் கலைஞர் தன் உதட்டைச் சேமித்துக்கொள்வார். பலர் ஒத்திகையில் பாதி பலத்தோடு வாசிப்பதும் இதற்காகவே. அதைச் சோம்பல் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

இவர்களின் முழக்கத்துக்கு விலை கொடுப்பவர்களும் உண்டு. லண்டன் ராயல் ஆப்பரா ஹவுஸில் 2012-இல் வாக்னரின் ‘டீ வால்குரே’ ஒத்திகை நடந்தபோது, பித்தளை வரிசைக்கு நேர் முன்னால் அமர்ந்திருந்த வியோலா கலைஞர் ஒருவரின் செவி நிரந்தரமாகப் பாதிக்கப்பட்டது. 2018-இல் நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. மறு ஆண்டு மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. தொழிற்சாலைக்கு உள்ள இரைச்சல் விதிகள் பிரிட்டனில் 2008 முதல் இசைத் துறைக்கும் பொருந்தும்: நாள் சராசரி 85 டெசிபலை எட்டினால் செவிக்காப்பு கட்டாயம். பல ஆர்கெஸ்ட்ராக்கள் பித்தளை வரிசையை உயரமான படிகளில் அமர்த்தி, ஒலி முன்வரிசையினரின் தலைக்கு மேலே போகும்படி செய்கின்றன. நாற்காலிகளுக்கு நடுவே ஒளி ஊடுருவும் தடுப்புகளை வைக்கின்றன. உரத்த படைப்பு வரும் வாரங்களில் யார் எங்கே உட்காருவது என்பதைச் சுழற்சி முறையில் மாற்றுகின்றன.