லிக்கை முதலில் வாயால் பாடுங்கள்

பெரம்பலூரிலோ அரியலூரிலோ இருந்துகொண்டு ராக் அண்ட் ரோல் கிட்டார் சோலோ பழக விரும்புகிறவருக்கு எளிதில் கிடைப்பது டேப் குறிப்புகள்தான். எந்தத் தந்தியில் எத்தனையாவது ஃபிரெட் என்று எண்கள் இருக்கும். விரல் போக வேண்டிய இடம் தெரிந்துவிடும். பாட்டில் கேட்ட உயிர் மட்டும் வராது. லிக் என்பது சோலோவுக்குள் வரும் சின்னச் சங்கதி. அதை வாயால் பாடி நெஞ்சில் நிறுத்திய பிறகே கிட்டாரைத் தொட வேண்டும் என்பேன். ராக் அண்ட் ரோல் கிட்டார் கலைஞர் சக் பெர்ரியின் பாணியில் பிரபலமான ஒரு லிக்கையே பாருங்கள். 6 கட்டை சுருதியில், மூன்றாம் தந்தியின் 7ஆம் ஃபிரெட்டில் நிற்பது மத்யமம். தந்தியை மேலே தள்ளி அதைப் பஞ்சமத்துக்கு ஏற்றி, அதே பஞ்சமத்தை இரண்டாம் தந்தியின் 5ஆம் ஃபிரெட்டிலும், மேல் ஷட்ஜத்தை முதல் தந்தியின் 5ஆம் ஃபிரெட்டிலும் வாசிக்க வேண்டும். எவ்வளவு தள்ளினால் பஞ்சமம் வரும் என்பதை எண் சொல்லாது. பாடிப் பார்த்த காதுதான் சொல்லும்.

இந்த இசையின் சுரங்களும் நமக்கு அந்நியமில்லை. மைனர் பென்டடானிக் நம் சுத்த தன்யாசியின் சுரங்கள். மேஜர் பென்டடானிக் மோகனத்தின் சுரங்கள். சாதாரண காந்தாரத்திலிருந்து அந்தர காந்தாரத்துக்கு வழுக்கி ஏறுவதில்தான் ராக் அண்ட் ரோலுக்கு அடிப்படையான ப்ளூஸின் ஏக்கமே இருக்கிறது. ‘ராகம் வேறு, ராக் வேறு’ என்பார்கள். உண்மைதான். தம்புராவைப் போல ஆதாரம் இங்கே அசையாமல் நிற்பதில்லை; அடியில் கார்டு மாறினால் நம் ஷட்ஜமே புதிய கார்டுக்குப் பஞ்சமமாகிவிடும். அதனால்தான் கையால் தாளம் போட்டுப் பாடச் சொல்கிறேன். ப்ளூஸ் சுற்று ஒன்றுக்கு 12 பார், பாருக்கு 4 எண்ணிக்கை, ஆக 48. ஆதி தாளத்தில் 6 ஆவர்த்தனம். கார்டு மாறும் இடம் கைக்குப் பழகிவிடும்.

அடுத்தவர் லிக்கைப் பழகினால் சொந்தக் கற்பனை செத்துவிடாதா என்பது பெரிய ஆட்சேபம். 1958இல் வெளிவந்த பெர்ரியின் ‘ஜானி பி. குட்’ பாட்டின் புகழ்பெற்ற தொடக்கமே, லூயிஸ் ஜோர்டானின் 1946ஆம் ஆண்டு இசைத்தட்டில் கார்ல் ஹோகன் வாசித்ததிலிருந்து வந்தது. பெர்ரி அதை வேகத்திலும் அழுத்தத்திலும் தனதாக்கினார். இன்று அரியலூர் மாவட்டத்தில் இருக்கும் உடையார்பாளையத்தின் ஜமீன் வித்துவான் கனம் கிருஷ்ணையரும், தஞ்சைக்கு வந்த பொப்பிலி கேசவையர் பாடக் கேட்டுத்தான் கன மார்க்கம் என்ற பாடும் முறையைப் பிடித்து, கடும் சாதகம் செய்து, அந்தப் பெயரையே அடைமொழியாகப் பெற்றார். அவருடைய கீர்த்தனங்களை யாரும் நகல் என்று சொன்னதில்லை.

வாயால் பாடிப் பழகுவதில் ஒரே ஒரு சிக்கல் உண்டு. பெர்ரி அடிக்கடி இரண்டு தந்திகளைச் சேர்த்து மீட்டுவார். ஒரு தொண்டையில் இரண்டு சுரம் வராது. அங்கே மேல் சுரத்தைப் பாடிக்கொண்டே கீழ்ச் சுரத்தைக் கிட்டாரில் மீட்டிப் பழகலாம்; பிறகு இரண்டையும் விரலிடம் விட்டுவிடலாம்.