சாவியை மறந்தால் பரவாயில்லை, வழியை மறந்தால்...?

"என் மூக்குக்கண்ணாடியை எங்கே வச்சேன்?" அறுபதைத் தாண்டியவர்கள் இருக்கும் வீடுகளில் தினமும் கேட்கிற கேள்வி இது. கண்ணாடி நெற்றியிலேயே இருக்கும்! பேரப்பிள்ளைகள் சிரிப்பார்கள். ஆனால் பெரியவருக்கோ உள்ளுக்குள் ஒரு பயம்: 'நமக்கும் அந்த வியாதி வந்துடுச்சோ?'

பெரும்பாலும் வந்திருக்காது. வயது ஏற ஏற, மூளை புதிய விஷயத்தைப் பதிய வைப்பதும், பதிந்ததை எடுத்துத் தருவதும் கொஞ்சம் மெதுவாகும். தெரிந்தவரின் பெயர் நேரில் பார்த்தபோது வராமல், அப்புறம் குளிக்கும்போது ஞாபகம் வந்தால் அது வயதின் மறதிதான்.

அப்படியானால் எப்போது கவலைப்பட வேண்டும்? எங்கள் செஞ்சியையே உதாரணமாகச் சொல்கிறேன். வாரச்சந்தைக்குப் போன தாத்தா கத்தரிக்காய் வாங்க மறந்து வந்தால் பரவாயில்லை. ராஜகிரி மலை கண்ணெதிரே நிற்க, நாற்பது வருஷம் நடந்த தெருவிலேயே வீட்டுக்கு வழி தெரியாமல் திகைத்து நின்றால் அது வேறு விஷயம். கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்பது, பழகிய சமையலில் தடுமாறுவது, பணக் கணக்கில் குழம்புவது, 'என் நகையைத் திருடிட்டாங்க' என்று வீட்டாரையே சந்தேகிப்பது ஆகியவையும் எச்சரிக்கை மணிகளே.

"தேசிங்கு ராஜன் கதையை ஒரு வார்த்தை விடாமல் சொல்றார். காலையில் மாத்திரை போட்டது மட்டும் மறந்துடுமா? நடிக்கிறார்!" என்று சில வீடுகளில் கோபப்படுவார்கள். நடிப்பில்லை. புதிய நினைவுகளைப் பதிய வைக்கும் மூளைப் பகுதியைத்தான் அல்சைமர் நோய் பெரும்பாலும் முதலில் தாக்குகிறது. பழைய நினைவுகள் வெகுநாள் தாக்குப்பிடிக்கும். திட்டுவதால் ஞாபகம் திரும்பாது, பயம்தான் கூடும்.

எல்லா ஞாபகக் குறைவும் தீராத நோயல்ல. தைராய்டு குறைவு, வைட்டமின் பி12 குறைவு, மனச்சோர்வு, சில தூக்க மாத்திரைகள், காது மந்தம் ஆகியவற்றாலும் மறதி வரும். கண்டுபிடித்தால் சரிசெய்யலாம். நேற்றுவரை தெளிவாகப் பேசியவர் இன்று திடீரென்று உளறினால், "வயசாயிடுச்சு" என்று விட்டுவிடாதீர்கள். சிறுநீர்த் தொற்று, சோடியம் குறைவு, பக்கவாதம், கீழே விழுந்ததில் தலைக்குள் ரத்தக்கசிவு என்று எதுவாகவும் இருக்கலாம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

2024-ல் லான்செட் மருத்துவ இதழின் நிபுணர் குழு 14 காரணங்களைப் பட்டியலிட்டது. ரத்த அழுத்தம், சர்க்கரை, புகை, மது, காது மந்தம், உடலுழைப்பின்மை, தனிமை எல்லாம் அதில் உண்டு. அந்த 14-ஐயும் சரிசெய்தால் மறதி நோயில் சுமார் 45 சதவீதத்தைத் தவிர்க்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்கிறது குழு.

"வல்லாரை சாப்பிட்டால் போதுமா, டாக்டர்?" என்று கேட்பீர்கள். வல்லாரையும் நீர்ப்பிரம்மியும் நினைவாற்றலுக்காக எங்கள் சித்த மருத்துவத்தில் காலங்காலமாகச் சொல்லப்பட்டவை. வல்லாரைத் துவையல் நல்ல உணவு. ஆனால் அல்சைமரை அது குணமாக்கும் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். அதை நம்பி பிரஷர், சர்க்கரை மாத்திரைகளை நிறுத்தவே கூடாது.

மருந்தைவிடப் பெரிய துணை தினசரி ஒழுங்கு. தேரையரின் 'நோயணுகா விதி' முழுக்க அன்றாடப் பழக்கங்களைப் பற்றியதுதான். கை பழகிய வேலைகள், மற்ற நினைவுகள் மங்கிய பிறகும் நெடுநாள் நிற்கும். எனவே:

* எழுவது, சாப்பிடுவது, நடப்பது, தூங்குவது எல்லாம் தினமும் ஒரே நேரத்தில் இருக்கட்டும்.
* சாவி, கண்ணாடி, பர்ஸ் மூன்றுக்கும் ஒரே இடம். வீட்டில் யாரும் அதை மாற்றக்கூடாது.
* மாத்திரைக்குக் கிழமை எழுதிய டப்பா, கண்ணில் படும்படி பெரிய எழுத்துக் காலண்டர்.
* வெளியே போகும்போது சட்டைப்பையில் முகவரிச் சீட்டு.

கடைசியாக ஒன்று. மறக்கிறார் என்பதற்காக எல்லா வேலையையும் பிடுங்கிக்கொள்ளாதீர்கள். பாட்டி கீரை ஆயட்டும், விளக்கேற்றட்டும். அடுப்பை மட்டும் பக்கத்திலிருந்து பார்த்துக்கொள்ளுங்கள். 'நாமும் இந்த வீட்டுக்கு வேண்டியவள்தான்' என்ற எண்ணம் அவருக்கு இருக்க வேண்டும். அது மறந்துபோகாமல் பார்த்துக்கொள்வது நம் பொறுப்பு.