வளையல் அடுக்கும் தோழமை

சிவகாசிக்குப் பக்கத்து எம். புதுப்பட்டி வட்டாரத்தில் பட்டாசும் தீப்பெட்டியும்தான் பிழைப்பு. இங்கே ஏழாம் அல்லது ஒன்பதாம் மாத வளைகாப்பு என்றால் உறவோடு முடிவதில்லை. அக்கம்பக்கத்துப் பெண்களும் கூடவே வேலை பார்ப்பவர்களும் சந்தனம் பூசி, வளையல் அடுக்க வந்துவிடுவார்கள். அப்புறம் புளியோதரை, எலுமிச்சை சாதம், தேங்காய் சாதம். கேலிக்கும் பஞ்சமிருக்காது.

வீட்டில் செய்ய வசதியில்லாதவர்களுக்கு அரசே சமுதாய வளைகாப்பு நடத்துகிறது. அங்கன்வாடிப் பணியாளர்கள் ஒரே மண்டபத்தில் பலருக்கு வளையல் பூட்டி, ஐவகை சாதம் பரிமாறி, சத்துணவு பற்றியும் சொல்லி அனுப்புகிறார்கள். முதல் பிரசவக்காரிக்கு, தன்னைப் போன்ற இன்னொருத்தியோடு பேசக் கிடைப்பதே பெரிய லாபம்.

அரசின் உதவி வளைகாப்போடு நிற்பதில்லை; டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டம் கர்ப்பிணிகளுக்குத் தருவது ரூ.18,000. அதில் ஊட்டச்சத்துப் பெட்டகங்களும் அடங்கும்.

பணத்தைப் போலவே ஆள்துணையும் முக்கியம்; அது வெறும் ஆறுதல் அல்ல. 17 நாடுகளில் நடந்த 26 ஆய்வுகளைத் தொகுத்து 2017-இல் வெளியான காக்ரேன் மருத்துவ ஆய்வு அமைப்பின் அறிக்கையின்படி, பிரசவ வலியின்போது தொடர்ந்து ஆள்துணை பெற்றவர்களுக்குச் சுகப்பிரசவ வாய்ப்பு கூடியது. வலி நேரமும் சற்றுக் குறைந்தது. தமிழக அரசு மருத்துவமனைகளில் பிரசவ அறைக்குள் ஒரு பெண் துணையை அனுமதிக்கும் முறை 2004-லேயே வந்துவிட்டது.