நியூயார்க்கின் முக்கோண இடுகாடு

நியூயார்க்கின் ஷியரித் இஸ்ரேல் யூதச் சபை, 1805க்கும் 1851க்கும் இடையில் மூன்று முறை இடுகாடு மாறியது. யூதர் என்பதால் துரத்தினார்களோ என்று தோன்றும். துரத்தியது நகரத்தின் வளர்ச்சிதான். 1811இல் போட்ட தெருத்திட்டப்படி, 1830இல் இரண்டாவது இடுகாட்டின் குறுக்கே 11ஆம் தெருவை வெட்டினார்கள். மதிலுக்குள் சிறு முக்கோணமும் சில நினைவுக்கற்களும் மிஞ்சின. 21ஆம் தெருவில் இருந்த மூன்றாவதை மூடவைத்த 1851ஆம் ஆண்டுப் புதைப்புத் தடை எல்லா மதத்தாருக்கும் பொதுவானது.

புதைத்தவரைத் தொந்தரவு செய்யக்கூடாது என்பதல்லவா யூத மரபு, பிறகு தெரு வெட்டும்போது கல்லறைகளை ஏன் தோண்டினார்கள் என்று கேட்கலாம். தெருவுக்குள் சிக்கியவர்களை மட்டுமே 21ஆம் தெருவுக்குக் கொண்டுபோனார்கள். மிச்சத்தைத் தொடவில்லை. மன்ஹாட்டனில் மனை என்ன விலை போகும் என்று சொல்லவா வேண்டும்? ஆனாலும் அந்த முக்கோணம் இன்றும் சபையிடமே இருக்கிறது.