மூலையில் நின்ற மந்திரி

2010 மே 11 அன்று பல்கேரியத் தலைநகர் சோபியாவில் விஸ்வநாதன் ஆனந்தும் உள்நாட்டு வீரர் வெசெலின் தோபலோவும் உலகச் செஸ் பட்டத்துக்கான 12ஆவது ஆட்டத்தில் அமர்ந்தபோது, இருவரும் ஐந்தரைப் புள்ளிகளுடன் சமநிலையில் இருந்தனர். ஐஸ்லாந்து எரிமலைச் சாம்பலால் விமானங்கள் தடைப்பட, பிராங்க்பர்ட்டிலிருந்து ஏறத்தாழ 40 மணிநேரம் தரைவழியாகப் பயணித்து வந்து, முதல் ஆட்டத்திலேயே தோற்றிருந்த ஆனந்துக்கு, இந்தக் கடைசி ஆட்டத்தில் கறுப்புக் காய்களே வாய்த்தன.

ஆட்டம் ‘குயின்ஸ் கேம்பிட்’ என்னும் தொடக்கத்தில் அமைந்தது. வெள்ளை ஆடுபவர் பக்கச் சிப்பாய் ஒன்றை வெட்டக் கொடுத்துப் பலகையின் நடுவைப் பிடிக்க முயல்வதும், கறுப்பு ஆடுபவர் அதை வெட்டாமல் தம் நடுச் சிப்பாயை மற்றொன்றால் தாங்கிப் பிடிப்பதும் இதன் பழைய வழக்கம். அரண் உறுதியானதுதான், ஆனால் தாங்கி நிற்கும் சிப்பாய்க்குப் பின்னால் வெள்ளைக் கட்டத்து மந்திரி அடைபட்டுப் போவதோடு, ஏனைய காய்களும் லயக் காம்பராவில் நெருங்கிக் கிடக்கும் குடும்பம்போல ஒன்றையொன்று இடிக்கின்றன. 1894 முதல் 1921 வரை உலகச் சாம்பியனாக விளங்கிய இமானுவேல் லாஸ்கரின் பெயரால் வழங்கும் தற்காப்பு இதற்கொரு தீர்வு. அம்முறைப்படி ஆனந்த் 7ஆவது நகர்த்தலில் குதிரையை நடுக்கட்டத்துக்கு அனுப்ப, ஒரு சோடி மந்திரிகளும் ஒரு சோடி குதிரைகளும் வெட்டுப்பட்டு நெருக்கடி தளர்ந்தது. கவர்ச்சியற்ற ஆட்டம் என்று எவரும் சொல்லலாம். தோல்வியைத் தாங்க முடியாத நாளில் அதுவே தக்க தேர்வு.

ஆனந்திடம் எஞ்சிய மந்திரி 28ஆவது நகர்த்தலில் பலகையின் மூலைக்கே ஒதுங்கியது. சமநிலையில் முடிந்தால் பட்டம் விரைவு ஆட்டங்களில் தீர்மானிக்கப்படும் என்பதும், அவற்றில் ஆனந்த் வல்லவர் என்பதும் தோபலோவ் அறியாததல்ல. அவர் வெற்றியை நாடித் துணிந்தார். 31ஆவது நகர்த்தலில் ஆனந்த் ஒரு சிப்பாயை முன்தள்ளி வெட்டக் கொடுத்தார். தோபலோவ் அதை வெட்டியதும், தம் ராஜாவை மறைத்து நின்ற சிப்பாயே விலகி, மூலை மந்திரியின் நீண்ட சாய்வுப் பாதை திறந்துகொண்டது. வெள்ளை ராஜா காவலின்றிப் பலகையின் விளிம்புக்கு ஓடியது.

28இலிருந்து அசையாதிருந்த அந்த மந்திரி 46ஆவது நகர்த்தலில் பலகையைக் குறுக்கே கடந்து தோபலோவின் ராணியை வெட்டி, அடுத்த நகர்த்தலில் தானும் வெட்டுப்பட்டது. 56ஆவது நகர்த்தலுக்குப் பின் தோபலோவ் தோல்வியை ஒப்புக்கொள்ள, ஆனந்த் 6½–5½ என்ற கணக்கில் பட்டத்தைத் தக்கவைத்தார்.