குளிர்காற்றில் மறைந்திருக்கும் வெயில்

ஏப்ரல் விடுமுறையில் பிள்ளைகளுடன் ஹந்தானை மலைக்கோ நக்கிள்ஸ் மலைத்தொடருக்கோ செல்வோர் உங்களில் பலர். அங்கே காற்று குளிர்ந்திருக்கும், மேகமும் கவிந்திருக்கும். வெயிலை எவரும் பொருட்படுத்துவதில்லை. இரவு வீடு திரும்பிய பின்னரே, கழுத்து எரிகிறது என்று பிள்ளை அழத் தொடங்கும்.

தோலைச் சுடுவது வெப்பமன்று, கண்ணுக்குப் புலப்படாத புறஊதாக் கதிர். குளிர்காற்று அதைத் தணிப்பதில்லை. மெல்லிய மேகம் அதில் பெரும்பகுதியை ஊடுருவ விட்டுவிடுகிறது. ஒவ்வொரு 1,000 மீற்றர் ஏறும்போதும் அது ஏறத்தாழ 10 வீதம் கூடுகிறது. ஐரோப்பாவின் ஆல்ப்ஸ் மலையில் பனிச்சறுக்கு விளையாடுவோருக்குத் தாடையின் அடிப்புறமும் வெந்துபோவதுண்டு; புதுப்பனி அக்கதிரில் 80 வீதம் வரை திருப்பி எறிவதே காரணம். நமக்குப் பனி இல்லை. ஆயினும் கண்டியில் ஏப்ரல் முற்பகுதியிலும் செப்டெம்பர் முற்பகுதியிலும் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கிறது. உங்கள் நிழல் உங்களைவிடக் குட்டையாயிருக்கும் நேரமெல்லாம் தொப்பியும் நீண்ட கைச்சட்டையும் வேண்டும்.

கறுத்த தோலை வெயில் சுடாது என்பாருமுண்டு. ஓரளவு காப்பு உண்டு, முழுக் காப்பு இல்லை. சிவப்பு தெளிவாகத் தெரியாததால் நாம் கவனிக்கத் தவறுகிறோம், அவ்வளவே. வெந்த இடத்தில் குளிர்ந்த நீரில் நனைத்த துணியை இடுங்கள். நிறையத் தண்ணீர் கொடுங்கள். பற்பசை பூசாதீர்கள், கொப்புளத்தை உடைக்காதீர்கள். காய்ச்சலும் கண்டால் வைத்தியரிடம் செல்லுங்கள்.

நாம் ஒரு நாள் சென்று திரும்பும் மலையில் நாள்தோறும் நிற்பவர்களும் இருக்கிறார்கள். விவிலியத்தில் இனிமைமிகு பாடலின் முதல் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். சகோதரர்கள் சினந்து திராட்சைத் தோட்டத்துக்குக் காவல் வைத்ததால் வெயிலில் கறுத்துப்போன பெண்ணொருத்தி அங்கே பேசுகிறாள். தனக்குரிய தோட்டத்தையோ அவளால் காக்க முடியவில்லை. மறையுரைகளில் இந்த வரி ஏனோ அதிகம் எடுத்தாளப்படுவதில்லை.

கண்டிக்கு அண்மையில் லூல்கந்துர தோட்டத்தில் 1867இல் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். அதன்பின் எத்தனை தலைமுறைப் பெண்கள் காலைப் பெரட்டுக்குப் பின் கூடையுடன் மலையேறியிருக்கிறார்கள்! தலைத்துணி உச்சியைக் காக்கும். கன்னத்துக்கும் புறங்கைக்கும் காப்பில்லை. ஆண்டாண்டாய்ப் படும் வெயில் கண்ணிலும் புரை வளர்க்கிறது. தாம் வாழும் வீட்டின் காணிக்கு இன்றும் உறுதி இல்லாதோர் அவர்களுள் பலர்.

ஹந்தானைத் தேயிலை நூதனசாலையில் பழைய இயந்திரங்களைப் பிள்ளைகளுக்குக் காட்டுவீர்கள். இந்தக் கைகளைப் பற்றியும் சொல்லுங்கள். தோட்டத்து ஆலயத்தில் திருப்பலிக்குச் செல்ல நேர்ந்தால், கொழுந்து நிறுக்கும் இடத்தில் நிழலுக்குக் கூரையும் குடிக்க நீரும் உண்டா என்று அங்குள்ளவர்களிடம் கேளுங்கள்.